மாரியம்மாவைக் கேட்டேன், பஞ்சவர்ணம் வந்தாள்

பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் என் மார்பைக் கடித்துவிட்டாள். பலர் படிக்கிற இடத்தில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாரியம்மா எனக்குச் செய்த உதவி அங்கேதான் தொடங்குகிறது. அதை விட்டுவிட்டு எப்படிச் சொல்ல?

தொண்ணூறுகளின் கடைசி, பங்குனி வெயில். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். என் மகள் சுபாவுக்கு ஒன்றரை வயது. உடம்பெல்லாம் முத்து, வாய்க்குள்ளும் கொப்புளம். கூழைத் துப்பினாள், இளநீரைத் தட்டிவிட்டாள். என் பால் ஒன்றுதான் உள்ளே இறங்கியது. அதையும் வாய்வலி தாங்காமல் குடிக்கும்போது பல்லை அழுத்திவிட்டாள். இடது காம்பில் ரத்தம். வலது பக்கம் எனக்கு எப்போதுமே பால் குறைவு. அவள் இடது பக்கத்தில் வாய் வைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

என் கணவர் அப்போது மினி பஸ்ஸில் கண்டக்டர். "மெடிக்கல்ல ஒரு களிம்பு வாங்கிட்டு வாங்க" என்றேன். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். புண் எனக்கு, அனுமதி அவருடைய அம்மாவிடம்!

அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டுல மருந்து வாடையே ஆகாது. பல்லு முளைச்ச பிள்ளைக்கு இன்னும் பாலு குடுத்தா கடிக்காம என்ன செய்யும்? அம்புட்டு வலின்னா நிறுத்திரு."

நிறுத்தினால் பிள்ளை எதைக் குடிக்கும்? என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

வலிக்குப் பயந்து அந்தப் பக்கம் கொடுக்காமல் விட்டதில், மறுநாள் இடது பக்கம் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. சுபா உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். மாரியம்மாவுக்கென்று மூலையில் வைத்திருந்த வேப்பிலைச் செம்பின் முன்னால் போய் உட்கார்ந்தேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன்.

"ஆத்தா, நீயும் பொம்பளைதானே? என் பிள்ளை மேலயே உக்காந்திருக்க, இது உனக்குத் தெரியலையா? இந்த வீட்டுல எனக்குன்னு பேச ஒருத்தர் இல்ல. யாரையாச்சும் அனுப்பு. இல்லன்னா உன்னையக் கும்பிடுறதையே விட்டுருவேன்."

அன்று மத்தியானம் வாசலில் ஒரு குரல். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம். குழாயடியில் என் குடத்தை எட்டித் தள்ளியவள். நாங்கள் பேசி மாதக்கணக்காகிவிட்டது. யாரையாவது அனுப்பு என்றால், இவளையா அனுப்புவாள்?

அம்மை வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது. படியில் நின்றபடியே வேப்பிலைக் கொத்தை நீட்டினாள். "உனக்காக வரல. ஆத்தாளுக்குக் கொண்டாந்தேன்" என்றாள். பிறகு என் ரவிக்கை நனைந்திருந்ததையும் நான் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தாள்.

"கடிச்சிருச்சா?"

அந்த ஒரு வார்த்தைக்கே நான் உடைந்து அழுதுவிட்டேன்.

"அழுகாத. என் மூத்தவனும் இப்படித்தான் கடிச்சான். ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் பிள்ளை வாயில வைக்காத. வெந்நித் துணியில ஒத்தடம் குடுத்து, பாலைப் பீச்சிச் சங்குல ஊட்டு. கடைசியா வர்ற சொட்டைப் புண்ணுல தடவிக் காயவிடு."

"அத்தை ஏதாச்சும் சொல்லுவாங்க."

"தாய்ப்பாலு எந்த மெடிக்கல்லடி விக்குது? கேட்டா, பாலுன்னு சொல்லு." உள்ளே இருந்த அத்தைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சங்கில் ஊட்டிய பாலைச் சுபா மடக் மடக்கென்று குடித்தாள். புண் ஒரே நாளில் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். மெல்ல மெல்லத்தான் ஆறியது. ஆனால் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று என் மடியில் படுத்து இடது பக்கமே குடித்தாள்.

அதன்பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. பிள்ளைக்கோ எனக்கோ முடியவில்லை என்றால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுவேன். அத்தை மேல் இருந்த கசப்பு போகவில்லை. போய்விட்டதென்று அம்மன் சந்நிதியில் நின்று என்னால் சொல்ல முடியாது. பஞ்சவர்ணத்தோடு குழாயடியில் இன்றும் சண்டை வரும். ஆனாலும் வருஷாவருஷம் மாவிளக்கு எடுத்தால் முதல் உருண்டை அவள் வீட்டுக்குத்தான்.

கஷ்டத்தில் இருக்கிற சகோதரிகளே, ஆத்தாவிடம் கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். அவள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்குள் ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஊரே சொன்னது. எனக்காக அவள் வந்தது வாசற்படி வரைக்கும்தான். அது எனக்குப் போதுமாக இருந்தது.