தீபாவளிக்கு ரொட்டி சானாய்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்குக் குறைவில்லை. பைகள்தான் மெலிந்திருந்தன. புடவைக் கடை வாசலில் ஓர் அக்கா பட்டுப்புடவை ஒன்றைத் தோளில் போட்டு, கண்ணாடி பார்த்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு, புடவையைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் கோபப்படவில்லை. “படம் நல்லா வந்துச்சா அக்கா?” என்றுதான் கேட்டார். முறுக்குக் கடைகளில் பெரிய டின்களுக்கு முன்னால் சின்ன டின்கள் வந்து உட்கார்ந்திருந்தன. திங்கட்கிழமை தீபாவளி, மூன்று நாள் விடுமுறை. ஊரே வேடிக்கை பார்க்கத்தான் கிளம்பி வந்தது போலிருந்தது. நானும் அப்படித்தான். பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்டால் “அடுத்த மாசம் பேசலாம்” என்கிறார்கள். மூன்று மாதமாக அதே அடுத்த மாதம்.

அன்று காலையில்தான் அம்மா அறிவித்திருந்தார்: “இந்த வருசம் ஓபன் ஹவுஸ் இல்ல.”

எங்கள் கிள்ளான் வீட்டின் கேட் தீபாவளியன்று சாத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. சொந்தம், அண்டை வீடு, அப்பாவின் நண்பர்கள் என்று யார் வந்தாலும் பிரியாணி, ஆட்டுக்கறி, எல்லாம் கேட்டரிங்காரர் கொண்டுவருவார். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். கொள்கலன்கள் குறைந்துவிட்டன, ஓவர்டைம் நின்றுவிட்டது. அம்மா சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போனார். கழுவுவதற்கு வெளியே எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திரும்ப உள்ளே அடுக்கினார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பும் ரயிலில் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் அதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அப்பா, பரோட்டா போல வீசிப் போடும் ரொட்டி சானாய் போட்டவர்! மாவு, முட்டை, மார்ஜரின். வேறென்ன வேண்டும்? உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன்: “திங்கட்கிழமை நம் வீட்டில் ரொட்டி சானாய் ஓபன் ஹவுஸ். அப்பாவே போடுகிறார். அனைவரும் வருக!”

ரயில் ஷா ஆலமைத் தாண்டுவதற்குள் கட்டைவிரல்கள் குவிந்தன. பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், மட்டும் எழுதியிருந்தார்: “தீபாவளிக்கு ரொட்டி சானாயா? அத நான் தினமும் ஆபீஸ் கீழ சாப்புடுறேன்லா.”

வீட்டு வாசலில் அம்மா கைப்பேசியோடு நின்றார். “அப்பாவ கேட்டியா?”

கேட்கவில்லை. அது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருபத்தஞ்சு வருசமாச்சு. இது இப்ப ஸ்டீரிங் புடிச்ச கை.”

“கேன்சல்னு போட்டுடவா?”

“போட்டா மச்சான் அடுத்த தீபாவளி வரைக்கும் சிரிப்பாரு. மாவு வாங்கிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. காலையில் தோசைக்கடை போடும் பக்கத்துத் தெரு ஆன்டி விடுமுறையில் இருந்ததால் அவருடைய பெரிய கல் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தது. அப்பா மாவைத் தட்டி, தூக்கி, வீசினார். முதல் ரொட்டி நடுவில் கிழிந்து கையில் வளையலாகத் தொங்கியது. இரண்டாவது நேராக அம்மாவின் தோளில் போய் விழுந்தது.

“புடவ கேட்டா மாவ போத்துறீங்களே!” என்றார் அம்மா.

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. மாவை விரலால் அழுத்திப் பார்த்தார். “அவசரப்பட்டுட்டோம். மாவு இன்னும் ஊறல.” மிச்ச மாவை மறுபடி பிசைந்து, உருண்டைகளாக்கி, மார்ஜரின் தடவி, தட்டில் வரிசையாக அடுக்கி மூடி வைத்தார். நாளைக்கும் கிழிந்தால்? குழுவில் எழுதியது நான். எல்லார் முன்னாலும் நிற்கப்போவது அவர்.

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியலும் கோயிலும் முடிந்ததும் கேட்டை அப்பாவே திறந்தார். எதிர்வீட்டுச் சீன அங்கிள்தான் முதல் ஆள். பின்னாலேயே, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்துவீட்டு மலாய் அம்மா, பேரப்பிள்ளைகளோடு. அப்பா ஓர் உருண்டையை எடுத்தார். தட்டினார். ஓரத்தைப் பிடித்து வீசினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வாவ்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

திறந்து பார்த்தால் மாவு மெல்லிய துணியாகக் காற்றில் விரிந்திருந்தது. அதன் வழியே தரையில் அம்மா போட்ட கோலத்தின் நிறங்கள் தெரிந்தன! கல்லில் விழுந்தது, மடிந்தது, சிவந்தது. இரு கைகளுக்கும் நடுவே வைத்து அப்பா அதைப் பட்டென்று அடித்து உதிர்த்தார். அந்தச் சத்தத்தில் அவருக்கு இருபத்தைந்து வயது குறைந்தது. அதன்பிறகு நான் தட்டு கொடுத்து மாளவில்லை. அம்மாவின் பருப்புக்கறி இரண்டாவது பானைக்குப் போனது. நாற்காலிகள் போதவில்லை, ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

பதினோரு மணிக்குப் பெரிய மாமா காரைவிட்டு இறங்கும்போதே ஆரம்பித்தார். “என்ன மாப்பிள்ள, லோரிய வித்துட்டு ரொட்டிக் கடை போட்டாச்சா?”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. தோளில் துண்டு, கையில் மாவு. “பாஸ், ஆர்டர் சொல்லுங்க. கோசோங்கா, முட்டையா?”

கூட்டம் சிரித்தது. மாமாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். “ஒரு கோசோங் குடுங்க, பாப்போம்.” வெறும் ரொட்டி வந்தது. பிய்த்து வாயில் போட்டவர் பேச்சை நிறுத்தினார். அடுத்து முட்டை. அடுத்து வெங்காயம் போட்ட முட்டை. எங்கள் குடும்பத்தில் பெரிய மாமா இருபது நிமிடம் பேசாமல் இருந்து யாரும் கண்டதில்லை.

கிளம்பும் நேரத்தில் அவர் கல்லுக்கு அருகே போய்க் குரலைத் தாழ்த்திப் பார்சல் கேட்டார். “மாப்பிள்ள, வீட்டுக்கு ஒரு அஞ்சு பொங்குஸ் கட்டிக் குடுங்க.”

அப்பா உருண்டையைத் தட்டிக்கொண்டே கேட் பக்கம் தாடையைக் காட்டினார். அங்கே வரிசை தெருவரை போயிருந்தது.

“லைன்ல வாங்க மச்சான்.”

மாமா போய் மக்சிக்கின் கடைசிப் பேரனுக்குப் பின்னால் நின்றார்.