நற்செய்திக்காரர்

ஓரோசாலி முப்பத்தோரு வருஷம் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து சம்பளமும் வாங்கி ஒட்டும் கேட்டவர். நாரின் மலைப்பக்கத்து அந்த ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், மாஸ்கோவில் வேலை கிடைத்தாலும், வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். உடனே குதிரையைத் தட்டிவிட்டுப் போய் வாசலில் நின்று "சூயுன்சு!" என்று கத்துவார். நல்ல சேதிக்குப் பரிசு கொடு என்று அர்த்தம்; கொண்டுவந்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது ஊர் வழக்கம். அப்படி அவர் தேற்றிய கம்பளிக் குல்லாய்கள் மட்டும் பதினாறு. கெட்ட சேதியைத் தபால்காரன் தலையில் கட்டிவிடுவார்.

பிறகு எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். செல்போன் கோபுரம் நட ஒருவரும் மலையேறி வரவில்லை. கடைசியில் சயின்ஸ் டீச்சர் அய்ஜர்கின், கூரைக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டிகளை மாட்டினாள்.

"இதுல தலைப்பெட்டி எது? அது என் கூரையிலதான் இருக்கணும்."

"தலையும் இல்ல, வாலும் இல்லண்ணே. பள்ளிக்கூடத்துக்கு டவுன்லேர்ந்து நெட் வருது. அத ஒரு பெட்டி பக்கத்துக் கூரைக்குத் தள்ளும், அது அடுத்த கூரைக்குத் தள்ளும். அவங்கவங்க கூரைப் பெட்டிலேர்ந்து அவங்கவங்க போனுக்கு வரும். வீட்டுக்கு வீடு கம்பி இழுக்க வேணாம்."

"என் கூரை வழியா எத்தன வீடு போகுது?"

"பன்னெண்டு."

"அவங்க பேசுறது எனக்குக் கேக்குமா?"

"எல்லாம் பூட்டிக்கிட்டுத்தாண்ணே போகும்."

ஓரோசாலிக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் பிளக்கப் புடுங்கிட்டா?" என்று எகிறியவர் பதிலுக்கு நிற்கவில்லை. கேட்டே பிழைத்த மனுஷன் கேட்காமல் போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கினார். நல்ல குல்லாயை மாட்டிக்கொண்டு, ரொட்டியும் பாலேடும் எடுத்துவைத்து, பன்னிரண்டு வீட்டாரும் கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. அவர் பெட்டி வாயை மூடியதும் மற்றப் பெட்டிகள் ஒரு நொடி தேடிவிட்டு, பக்கத்து வீட்டு ஜூராகானின் மாட்டுக்கொட்டகைக் கூரை வழியாக வேறு பாதை பிடித்துப் போய்விட்டன. பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடுகூட அதைக் கவனிக்கவில்லை.

நாலாம் நாள் ஜூராகானே வந்தாள்.

"வாம்மா, வா. எல்லாரும் தவிச்சுப் போயிட்டீங்களாக்கும்?"

"யாரு தவிச்சா? உங்க மக மாஸ்கோலேர்ந்து அழுவுறா. 'அப்பா போனே எடுக்கல, எம்மேல என்ன கோவம்'னு. பேரன் பொறந்திருக்கான்ல? வாழ்த்தி ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

ஓரோசாலி எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். சந்தோஷம் தாங்காமல் கண் கலங்கிவிட்டது. தலையிலிருந்த குல்லாயைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தா, உன் சூயுன்சு."

ஜூராகான் குல்லாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, உங்களுக்குத் தெரியாதா? மூணு நாளா ஊரே புள்ள மூஞ்சியப் போன்ல பாத்துக்கிட்டு இருக்கு. உங்களுக்குத் தெரியாம ஒரு சேதி இருக்கும்னு எவன்ணே நெனப்பான்?" குல்லாயை அவர் தலையிலேயே திருப்பி வைத்தாள். "வச்சுக்கங்க. ஆறிப்போன சேதிக்கெல்லாம் வாங்கக்கூடாது."