மடிப்பிச்சையில் போன சீடிங்

என் இடது முட்டியைக் காவு வாங்கியது எங்கள் கல்லூரி மைதானம்தான். கரிசல் தரையில் செம்மண்ணைக் கொட்டி, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, இதுதான் பாஸ்கெட்பால் கோர்ட் என்று எங்களிடம் கொடுத்திருந்தார்கள். புரட்டாசி வெயிலில் கரிசல் வாயைப் பிளந்தால் மேல்மண் என்ன செய்யும்? அதுவும் சேர்ந்து உள்ளே போகும். கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எம்பிக் குதித்து இறங்கினேன். பாதம் வெடிப்புக்குள் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் மளுக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கும் அது கேட்டதாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு டிகிரி கடைசி வருஷம். தெருவில் போனால் "ஏ கொக்கு" என்று கூப்பிடுவார்கள். அந்த உயரத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் கோர்ட். வீட்டில் அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: "பி.பி.எட். சீட்டு கெடச்சா படி. இல்லன்னா தையில கல்யாணம்." அது விளையாட்டு டீச்சர் படிப்பு. பல்கலைக்கழக அணியில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால்தான் அந்த சீட்டு. அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கல்லூரிகளுக்கான போட்டியில் அரையிறுதிக்குத்தான் வந்து உட்காருவார்கள்.

போன வருஷம் நாங்கள் இரண்டாம் இடம். அதனால் சீடிங் எங்களுக்கு. முதல் சுற்றுகளில் ஆடாமல் நேராக அரையிறுதிக்குப் போய்விடலாம். மற்ற கல்லூரிகள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் என் கால் ஓய்வெடுக்கும். கடைசியில் இறுக்கக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் ஆடினாலும் போதும், எடுப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ஆனால் முக்கியமான ஆட்டக்காரிக்கு அடி என்று யாராவது ஆட்சேபம் சொன்னால் சீடிங்கை மாற்றிவிடுவார்கள்.

எங்கள் பி.டி. மேடம் அணியைக் கூட்டி வைத்து அடிக்குரலில் சொன்னார்: "ஏட்டி, ஒருத்தியும் வெளிய மூச்சு விடக் கூடாது. ஹாஸ்டல் வார்டன் கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லுங்க."

நான் வீட்டிலிருந்து போய்வருகிறவள், மற்றவர்கள் ஹாஸ்டல்; யாரும் மூச்சு விடவில்லை. வார்டனை ஏமாற்றினோம், வாட்ச்மேனை ஏமாற்றினோம். என் அம்மாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. சீடிங்குக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டோம். அறிவு கெட்ட கழுதைகள்.

அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். என் முட்டி சரியாக வேண்டும் என்று வெள்ளித் தகட்டில் ஒரு கால் வாங்கி வைப்பதாக. அதைக் கைக்காசில் வாங்கினால் ஆகாது. மஞ்சள் சேலை கட்டி, வீடு வீடாக மடியேந்தி, அந்தப் பிச்சையில்தான் வாங்க வேண்டும். யாருக்காக, எதற்காக என்று ஒவ்வொரு வாசலிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் கல்லூரிக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, எங்கள் கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஒரு வாசல் விடாமல் அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

போட்டி வெளியூரில். முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர்கள் கூட்டம். ஐடி கார்டைக் காட்ட ஆட்டக்காரிகள் நாங்களும் போயிருந்தோம். ட்ராக் பேண்ட்டுக்குள் முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, நேராக நடந்துபோய் நின்றேன். இரண்டாவது சீடிங்குக்கு எங்கள் கல்லூரிப் பெயரை வாசித்தார்கள். போன வருஷம் மூன்றாவதாக வந்த கல்லூரியின் மேனேஜரம்மா எழுந்தார்.

"அந்த உயரமான பிள்ளைக்கு முட்டி போயிருச்சு சார்."

"யாரு சொன்னா?" என்று எங்கள் மேடம் எகிறினார்.

"அவிய அம்மாவேதான். எங்க அக்காவுக்குக் கோவில்பட்டி. அவ வாசல்ல நின்னு, மக கால் வெளங்கணும்னு அழுது மடிப்பிச்சை கேட்டிருக்காவ. எங்க அக்காதான் நாழி அரிசி போட்டிருக்கா."

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பேசியது அவருடைய பிள்ளைகளுக்காக. தலைமையில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு தடவை உக்காந்து எந்திரி."

கோர்ட்டில் ஓடச் சொல்லியிருந்தால்கூட ஓடியிருப்பேன். உட்காரத்தான் முடியாது. தாயே, ஒரே ஒரு தடவை, அப்புறம் காலையே எடுத்துக்கோ என்று மனசுக்குள் கதறிக்கொண்டு முட்டியை மடக்கினேன். பாதியில் கால் வெட்டிக்கொண்டது. எல்லோர் முன்னாலும் பக்கவாட்டில் சாய்ந்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் பெயரை அடித்துவிட்டு அவர்கள் பெயரை எழுதினார்கள்.

சீட்டுக் குலுக்கியதில் மறுநாள் காலை முதல் ஆட்டமே எங்களுக்கு. மேடத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சி, பாதி ஆட்டத்துக்குப் பிறகு இறங்கினேன். ஒரு பந்துக்கு எம்பினேன். இறங்கும்போது கால் என்னுடையதாக இல்லை. ஸ்டிரெச்சர் கிடையாது, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். படுதோல்வி. ஆள் எடுக்கிறவர்கள் இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செத்துத் தொலைந்தால் என்ன என்று நினைத்தேன். வலியைவிட அந்த நினைப்புத்தான் எட்டயபுரம் தாண்டியும் விடவில்லை.

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட அணித் தோழி ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டாள். சீடிங் என்றால் என்ன, அது எப்படிப் போனது, யார் வீட்டு அரிசி, எல்லாம். அம்மா வாயில் வாயில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள பொழப்பை நானே தெருத்தெருவா வித்துட்டு வந்திட்டேனே." பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் வந்து சொல்லுதேம்ட்டி. புத்தி கெட்டுப்போய் பொய் சொன்னேன், எம்புள்ளைக்குக் கால்ல ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன். ஆத்தா மேல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

அம்மன் பெயரைச் சொல்லி என் அம்மா விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை.

"மேட்ச் முடிஞ்சு போச்சும்மா" என்றேன்.

"முடிஞ்சா என்ன? அவிய இன்னும் அங்கனதான இருப்பாவ" என்று சொல்லிக்கொண்டே வாசலில் செருப்பைத் தேடினாள்.