அத்தர் போத்தலில் கிணற்றுத் தண்ணி

பேத்தி போனும் கையுமாகத் திரிகிறாள். லீவில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற விஞ்ஞான ஆராய்ச்சி இடம் தேடுகிறாளாம். ஓரிடத்தில் முன் அனுபவம் கேட்கிறார்களாம். பள்ளிப் பிள்ளைக்கு என்ன முன் அனுபவம், மண்ணாங்கட்டி! "மூத்தவாப்பா, உங்கட காலத்தில இப்படி இருந்திச்சா?" என்றாள். இருந்தது, எனக்குக் கிடைக்கவும் செய்தது. அவளிடம் சொன்னால் மானம் போகும், உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் கல்முனையில் எஸ்.எஸ்.சி. படித்தேன். "ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள ஒரு ஊரே சீவிக்குது" என்று விஞ்ஞான மாஸ்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த ஊரைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேணும். எங்கள் பள்ளியில் இருந்தது அவர் கரும்பலகையில் கீறியதுதான். உண்மையானது அரசாங்க நெல் ஆராய்ச்சிக் கந்தோரில் இருக்கிறதாம். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தே தீரவேணும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. அந்த வயதில் மற்றப் பொடியன்களுக்கு வேறு ஆசைகள் இருந்தன, எனக்கு இது.

வாப்பாவுக்குக் கல்முனைக்குடியில் சாரன் துணிக்கடை. "வாப்பா, லீவுக்கு எனக்கு ஆராய்ச்சி வேலை ஒண்டு வேணும்" என்றேன். அந்நாளில் கந்தோர் வாசலில் நின்று, துரை பெல் அடித்தால் ஓடுகிற தலைமைப் பியோனுக்கு ஆராச்சி என்று பெயர். எங்கள் ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். வாப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இஞ்ச கேட்டயா, உன்ட மகன் ஆராச்சியாகப் போறானாம், அல்ஹம்துலில்லாஹ்!" என்று உம்மாவைக் கூப்பிட்டார். ஊர்த் தலைவர் விதானையாரைப் பிடித்து, எம்.பி.யின் மச்சானைப் பிடித்து, நல்ல சாரன்களும் கொழுத்த சாவற்கோழியும் கொடுத்து அலுவலை முடித்துவிட்டார்.

லீவு தொடங்கிய அன்று கந்தோரில் போய் நின்றேன். சட்டைப் பையில் வாப்பாவின் வெறும் அத்தர் போத்தல், அதற்குள் எங்கள் கிணற்றுத் தண்ணி. துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "புது ஆராச்சி நீதானா? ஆள் சின்னன். தேத்தண்ணி ஊத்தத் தெரியுமா?"

லீவு முழுக்கத் தேத்தண்ணி ஊற்றினேன். பெல்லுக்கு ஓடினேன். நுணுக்குக்காட்டி பூட்டுப் போட்ட கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது, திறப்புக் கொத்து துரையின் இடுப்பில். கண்ணாடியைத் துடைப்பதோடு என் ஆராய்ச்சி முடிந்தது. பெரியவர்கள் யாரும் பார்வையிட வந்தால் மட்டும் அதை வெளியே எடுத்து வைப்பார்கள், அவர்கள் ஜீப் ஏறியதும் உள்ளே போய்விடும். நெல்லுக்கு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசி நாள் துணிந்து போத்தலை மேசையில் வைத்தேன். "சேர், இத ஒருக்கா..."

முடிக்க விட்டால்தானே! "அட, இதெல்லாம் என்னத்துக்குத் தம்பி" என்று மூடியைத் திறந்து மணந்து பார்த்து, இரண்டு காதுக்கும் பின்னால் பூசி, மிச்சத்தைச் சட்டையில் தெளித்துக்கொண்டார். "நல்ல சாமான். மக்கத்தாலயா?"

"ஓம் சேர்" என்றேன். வெறும் போத்தலை எடுத்துத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஊர் என்னைக் கனகாலம் ஆராச்சி என்றே கூப்பிட்டது. அப்படிக் கூப்பிட்டவர்களில் இப்போது ஒருவரும் இல்லை. பிறகு நானே விஞ்ஞான மாஸ்டரானேன், நுணுக்குக்காட்டியும் அலுமாரித் திறப்பும் என் கைக்கு வந்தன. குளத்துத் தண்ணி, ஆற்றுத் தண்ணி, கடல் தண்ணி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டினேன். வீட்டுக் கிணறு எங்கே ஓடிவிடப்போகிறது, ஆறுதலாகப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

சுனாமி வந்து வீட்டையும் கிணற்றையும் சேர்த்து மணலால் மூடிப்போட்டது. அந்தத் தண்ணிக்குள் யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.