புறா விசர்

எங்கள் ஊரில் ஒருவருக்கு எதில் ஆசை என்பதை, அவர் பேருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாலே சொல்லிவிடும். பிழைப்புக்காகச் செய்கிறவர் ‘காரர்’: மீன்காரர், கைலி விற்கும் சாறன்காரர். மேடையிலும் கலியாணப் பேச்சிலும் மட்டும் வருவது ‘பிரியர்’. சோறு தண்ணி மறந்து ஒன்றின் பின்னால் பைத்தியமாகத் திரிகிறவர் ‘விசர்’. பந்து விசர், ரேடியோ விசர், எண்பதுகளில் டீவி விசர். இந்தக் கடைசி வாலை ஊர் தன் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஒட்டும். வெளியூரார் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

எனக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி வந்தவர், “புறாப் பிரியர்” என்றார். விசாரிக்கப் போன வாப்பா திரும்பி வந்து, “பிரியருமில்ல ஒண்டுமில்ல, புறா விசர் எண்டுதான் ஊரே கதைக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளைப் பிடித்தும் போனது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவர் சாய்ந்தமருதுக்கு ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு கூடு புறாவோடும் வந்தார். ஒரு கிழமைகூடப் பொறுக்காமல் கூட்டைத் திறந்துவிட்டார். புறாக்கள் எங்கள் கூரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே மருதமுனைக்கே, அவருடைய உம்மாவான என் மாமி வீட்டுக்கே போய்விட்டன. நம் வழக்கம் அவற்றுக்கு எங்கே தெரியும்?

அதன் பிறகு, அவர் தன் கடையைப் பூட்டியதும் சைக்கிளும் அந்தப் பக்கம்தான் திரும்பியது. புறாவுக்குத் தீனி போட்டு, மாமியின் கையால் சாப்பிட்டு, இஷா தொழுகைக்குப் பிறகுதான் வருவார். புறா மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மனிதர் எங்கள் வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன். தெருவிலும் அவர் ‘மருதமுனைக்காரர்’தான்.

ஒருநாள் நானே சொன்னேன். “ஒரு சோடியக் கொண்டு வாங்க. தொறக்காம வெச்சா, இஞ்சயே குஞ்சு பொரிக்கும்.”

“அடைச்சு வெக்கிறது பாவமில்லையா புள்ள?”

“நீங்க அங்கயும் இஞ்சயும் ஓடுறது மட்டும் பாவமில்லையா?”

மறுநாளே ஒரு சோடி வந்தது. குஞ்சுகள் வளர்ந்ததும், தாயையும் தகப்பனையும் கூட்டில் வைத்துக்கொண்டு, குஞ்சுகளை மட்டும் பறக்கவிட்டார். அவை தென்னைகளுக்கு மேலே வட்டமடித்து, எங்கள் குசினிக் கூரையில் வந்து குந்தின. வேறு வீடு அவற்றுக்குத் தெரியாது.

அவர் முற்றத்தில் அண்ணாந்தபடியே நின்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்.

“என்ன கா, நம்மட புறா விசர் இண்டைக்குச் சோறு தின்னல்லயா?”

அன்றைக்குத்தான் என் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.