ஸ்டெல்லா டீச்சர் அளந்து வைத்த அறை

செய்தி வந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேர் ஆசிரியர் அறையில் அலமாரியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா டீச்சர் உடம்பு சரியில்லை என்று பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். போவதற்கு முந்தின வாரம்தான் அந்த அலமாரியைச் சுவரோரத்திலிருந்து பிடுங்கி, நடுவில் குறுக்காக நிறுத்தி, "இந்தாண்ட பேசறதுக்கு, அந்தாண்ட நோட்டு திருத்தறதுக்கு" என்று ஒரே அறையை இரண்டாக்கியிருந்தார். அதில் முட்டிக்கொள்ளாத ஆசிரியர் எங்களில் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று நினைத்தோம். பாதி தள்ளியிருப்போம், ஸ்டெல்லா டீச்சரின் தெருக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, காலையில் ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டது என்றார். அலமாரி இன்னும் அந்தப் பாதி வழியில்தான் நிற்கிறது. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

பதினாறு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்லியனூர் பக்கம் மாதா கோயில் தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றுதான் பள்ளியில் என்னிடம் கேட்டார்கள். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கை சும்மா இருக்காது. தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் ரேடியோ ஸ்டூல் இடம் மாறியிருக்கும். அளவு எடுக்க அவருக்கு நாடா வேண்டாம், கையில் இருக்கும் கறுப்புக் குடை போதும். அதைத் தரையில் படுக்கப் போட்டு, மறுபடி போட்டு, "நீளம் அஞ்சு கொட, அகலம் நாலு கொட" என்று நோட்டில் குறித்துக்கொள்வார். பழைய புடவை திரையாகும். மண்ணெண்ணெய் டின் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு குரோட்டன்ஸ் தொட்டியாகும். "புதுசா ஒண்ணும் வாங்க வாணாம் டீச்சர், நவுத்துனா போதும்" என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொன்னது. ஒருமுறை தலைமையாசிரியருடைய மேசையையே வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டார். ஒரு வாரம் தலைமையாசிரியர் வந்தவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திருப்பச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். என் தங்கை குமுதாவின் விஷயம் அப்படி இல்லை.

குமுதாவைப் பெண் பார்க்கப் பாகூரிலிருந்து வருவதாக இருந்தது. கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம், பையன் படித்தவன். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. என் கணவரும் நானும் அப்பாவோடு கரிக்கலாம்பாக்கத்து வீட்டிலேயே இருந்தோம். அதனால் இதை முடித்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. பள்ளியில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலையில் ஸ்டெல்லா டீச்சர் குடையோடு வந்து இறங்கிவிட்டார்.

எங்கள் கூடத்து மூலையில் நெல் மூட்டைகள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. "ரூமுக்கு ஒரு மூஞ்சி வேணும் டீச்சர். உள்ள வர்றவங்களுக்கு மொதல்ல மூட்டயா தெரியறது?" என்றார். அப்பா திண்டாடிப் போனார்.

"டீச்சரம்மா, நெல்லு கண்ணுல பட்டாதான அது வூடு?"

"ஐயா, மூட்ட இருந்தா எலி இருக்குதுன்னுதான நெனப்பாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் டீச்சர் பக்கம் பேசினேன். மூட்டை முழுவதும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவும் சாத்தியாகிவிட்டது. சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவருக்கு அடித்து, இடுப்பளவுக்குக் காவியில் பட்டை இழுத்தோம். என்னுடைய இரண்டு மெல்லிய வாயில் துணிப் புடவைகள் ஜன்னல் திரைகளாயின. எதிர் வீட்டிலிருந்து வயர் நாற்காலி நான்கு வந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், கூடம் அழகாகத்தான் இருந்தது. வாசலுக்குப் போய் விருந்தாளி மாதிரி இரண்டு முறை உள்ளே வந்து பார்த்தேன்.

வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்ற முகத்தோடுதான் போனார்கள். நாலாம் நாள் தரகர் வந்து விஷயத்தைச் சொன்னார். "பையனோட அம்மா ஒத்துக்கல. வூட்ல ஒரு மூட்ட நெல்லு கண்ணுல படல, தை மாசத்துலயே இப்புடின்னா வாங்கித்தான் திங்கறாங்க போல இருக்குது, மினுக்கி வச்சி ஏமாத்தப் பாக்கறாங்கன்னு சொல்லிட்டுது."

எங்கள் பக்கத்தில் நிலம் எவ்வளவு என்று சம்பந்தி வீட்டார் யாரும் வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள். கூடத்து மூலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அது ஸ்டெல்லா டீச்சருக்குத் தெரியாது. அவர் அப்பா டவுன் மில்லில் வேலை பார்த்தவர், அவர்களுக்கு ஒரு காணி நிலம் கிடையாது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு எங்கே புத்தி போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அவர் வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கூடம் நல்லாதான டீச்சர் இருந்துது?" என்றார். அன்றைக்கே மூட்டைகள் எல்லாம் கூடத்துக்குத் திரும்பின. இனி நெல் கூடத்தை விட்டு நகராது என்று அப்பா சொல்லிவிட்டார். பக்கத்து அறை காலியாகக் கிடந்தது.

அடுத்த வருஷமே அபிஷேகப்பாக்கத்தில் குமுதாவுக்கு நல்ல இடம் அமைந்தது. அவள் அந்தப் புடவைத் திரைகளைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். "ஸ்டெல்லா டீச்சர இன்னும் இன்னாத்துக்குக்கா மொறைக்கற?" என்று என்னையே கேட்பாள். அவளுக்குத் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. பள்ளியில் பேசுவேன், சிரிப்பேன், வீட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டேன்.

அவராகவே ஒருநாள் வந்தார். போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். காலியாகக் கிடந்த பக்கத்து அறையில் குடையைப் படுக்கப் போட்டு அளந்தார். "சன்னலுக்குக் கீழ மேச போடலாம். கெழக்கால தல வச்சி ஒரு கட்டிலு. ஒரு ஆளு தாராளமா இருக்கலாம் டீச்சர்." மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யார் அந்த ஒரு ஆள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ரூமு சும்மாதான டீச்சர் இருக்குது?"

"இல்ல டீச்சர், யூரியா மூட்ட போடப் போறோம்."

சும்மா வாயில் வந்த பொய். அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அப்புடின்னா கதவ சாத்தி வைங்க, கூடத்துல வாடை வரும்" என்றார். நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று அந்த வாரமே யூரியா மூட்டைகளை அங்கே இறக்கச் செய்தேன். எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

அடக்கத்துக்குச் சவப்பெட்டியோடு கோயிலுக்கும் கல்லறைக்கும் போனதோடு சரி. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகுதான் அவர் இருந்த வீட்டுக்குள் முதன்முதலாகப் போனேன். பதினாறு ஆண்டுகளில் அவர் நம்மில் யாரையும் உள்ளே கூப்பிட்டதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு நடைவழி. அதில் ஒரு மடக்குக் கட்டில், அதன் கீழே ஒரு டிரங்குப் பெட்டி. திரை இல்லை, படம் இல்லை. ஊரில் உள்ள எல்லார் வீட்டையும் மாற்றியவர், காலையில் கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்தால்தான் மற்றவர்கள் நடக்க முடியும் என்ற இடத்தில் இருந்திருக்கிறார்.

அண்ணி நல்ல மனுஷிதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாதா படம் ஒண்ணு வச்சிருந்துது. மாட்டறதுக்கு ஒரு ஆணி அடிச்சிக்கட்டுமான்னு கேட்டுது. செவுத்துல சுண்ணாம்பு பேந்துடும், வாணாம்னுட்டாரு அவுரு. அதுக்கப்பறம் கேக்கல. படத்த டிரங்குப் பொட்டியிலயே வச்சிருந்துது. அடக்கத்தன்னிக்கி சவப்பொட்டியில அது கூடவே வச்சி அனுப்பிட்டோம்."

குடை நன்றாக இருந்ததால் அண்ணன் வைத்துக்கொண்டார். நோட்டு யாருக்கும் வேண்டாம் என்று என்னிடம் கொடுத்தார்கள். உங்கள் எல்லோருடைய வீடும் அதில் இருக்கிறது, குடைக் கணக்கில். கடைசிப் பக்கத்தில் 'கமலா டீச்சர் வீடு, பக்கத்து அறை' என்று என் பெயர் போட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே மேசை, கிழக்கே தலைவைத்துக் கட்டில், கதவோரம் தையல் மிஷின். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி வைத்து 'மாதா படம்' என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் மாதா படம் யாருக்கு?

ஏன் நேராகக் கேட்கவில்லை என்று அவர்மேல் கோபம் வருகிறது. ஊரார் வீட்டு மேசையை இழுத்துப் போட இருந்த தைரியம், எனக்கு இருக்க ஒரு இடம் கொடு என்று கேட்க மட்டும் ஏன் இல்லை? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா?

யூரியா மூட்டைகளை வெளியேற்றிவிட்டேன். சுவரில் உப்புப் பூத்து, எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் நிற்கவில்லை. இருந்தாலும் அவர் புள்ளி வைத்த இடத்தில் ஒரு ஆணி அடித்திருக்கிறேன். கொஞ்சம் சுண்ணாம்பு பெயர்ந்தது. வருகிறவர்கள், வெறும் ஆணி எதற்கு என்று கேட்கிறார்கள். அது ஸ்டெல்லா டீச்சருடையது என்று சொல்கிறேன்.