இருபத்துநாலும் பதினெட்டும்

சுயம்புராஜுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் இறங்கவேண்டிய இடம் மறந்துபோகும். சுசீந்திரத்தில் ஏறி செட்டிகுளத்தில் இறங்கவேண்டியவன், வாரத்தில் ஒருநாளாவது வடசேரி வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வருவான். தாமதமாக வந்து நாற்காலியில் உட்காரும்போது அவன் முகத்தில் குற்ற உணர்வு இருக்காது. ஏதோ நல்ல இடத்துக்குப் போய்வந்தவன்போல இருப்பான்.

அவன் வேலை பார்த்தது ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில். கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடுகிற பாடங்களை அங்கே தயார் செய்வார்கள். தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது, நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று எதையெதையோ படமும் எழுத்துமாகச் சொல்லித்தரும் பாடங்கள். ஒவ்வொரு ஸ்லைடும் எப்படி இருக்கவேண்டும் என்று டிசைன் மென்பொருளில் வரைந்து கொடுப்பது சுயம்புராஜின் வேலை. அதைப் பார்த்து, ஆத்தரிங் டூல் என்கிற இன்னொரு மென்பொருளில் எழுத்துகளைத் தட்டி, பொத்தான் வைத்து, குரல் சேர்த்து, பாடமாகக் கட்டுவது இன்னொருவர் வேலை.

ஒன்பது வருஷமாக அவன் வரைந்ததைக் கட்டியவன் மத்தியாஸ். அதிகம் பேசமாட்டான். சுயம்புராஜ் கொடுத்தது எப்படியோ அது அப்படியே வந்து நிற்கும். அந்த மத்தியாஸ் சித்திரை மாதம் குவைத்துக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவள் ரெனிஷா. குலசேகரம் பக்கம். இருபத்துநாலு வயது. வேகமாகத் தட்டுவாள், மெல்லிய குரலில் பேசுவாள், எதையும் இரண்டாம் தடவை கேட்கத் தயங்குவாள்.

சுயம்புராஜ் எழுத்தை எண்ணால் பார்க்கிறவன் இல்லை. அளவு என்ன என்று கேட்டால் ஒரு கணம் விழிப்பான். பிறகு மென்பொருளில் எழுத்தளவு காட்டும் கட்டத்தைப் பார்த்து, "இருபத்துநாலு" என்பான். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். வரிகளுக்கு நடுவே காற்று போகிறதா, எழுத்து மூச்சுவிடுகிறதா என்று பார்ப்பதாகத்தான் அவனுக்கு அது தோன்றும். கோட்டாறில் டி.டி.பி. பழகிய காலத்திலிருந்தே அப்படித்தான். கல்யாண அழைப்புக் குறியும் தாங்கல் கோயில் திருவிழா நோட்டீசும் சர்ச் கன்வென்ஷன் நோட்டீசும் அவன் கையில் வந்தால், எந்த எழுத்து எங்கே பெரிதாகவேண்டும் என்பதை அந்த எழுத்தே வந்து சொல்வதுபோல இருக்கும்.

அளவுகள் விஷயத்தில் அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது.

ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அம்மா செல்லத்தாய் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் கை வரவரப் பெரிதாயிற்று. கட்டிலையே மூடிவிடும்போல ஒரு கை; அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கிண்ணம். எதிர்ச்சுவர் படகு விலகுவதுபோல மெதுவாக விலகிப் போயிற்று. வலி இல்லை. பயமும் முதலில் இல்லை, அழகாகத்தான் இருந்தது. "அம்மா, உனக்க கை எதுக்கு இவ்வளவு பெருசா இருக்கு?" என்று கேட்டபிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

காய்ச்சல் விட்டதும் அவனைத் தாங்கலுக்குக் கூட்டிப்போனாள். நெற்றியில் நாமம் இட்டார்கள். அங்கே சிலைக்குப் பதிலாக இருக்கும் பள்ளியறைக் கண்ணாடிக்கு முன்னால் எல்லாரோடும் நின்றான். கண்ணாடியில் அம்மாவின் முகம் சரியான அளவில் இருந்தது, பக்கத்தில் நின்றவர்கள் முகமும் அப்படியே. அவன் முகம் மட்டும் புளியங்கொட்டை அளவில் எங்கோ தூரத்தில் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் காய்ச்சல் இல்லாமலேகூட, அந்திநேரங்களில் சிலதடவை வந்தது. புத்தகத்தில் எழுத்துகள் வீங்கும், சுருங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போய்விடும். பதின்மூன்று வயதில் ஒருநாள், வெகுநாளாக அது வரவில்லை என்று நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். மனைவி சுனிதாவுக்குக்கூட இதெல்லாம் தெரியாது.

ஆனி மாதம் ஒரு ரப்பர் விவசாயிகள் சங்கத்துக்காகத் தமிழில் பாடம் செய்யும் வேலை வந்தது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போனிலேயே பார்த்துப் படிக்க வேண்டும். கத்தி பிடிக்கும் கோணம், பட்டையின் ஆழம், மழைக்காலத்தில் செய்யவேண்டியவை என்று நாற்பத்திரண்டு ஸ்லைடுகள். சுயம்புராஜ் மூன்று வாரம் வரைந்தான். ஈரமான மரப்பட்டையின் நிறத்தைப் பிடிப்பதற்கே ஐந்து நாள் ஆயிற்று. தலைப்பும் குறிப்பும் தவிர எழுத்து எல்லாம் இருபத்துநாலு.

ரெனிஷா கட்டி முடித்த அன்று மத்தியானம், அவன் தன் திரையில் பாடத்தை ஓடவிட்டான். முதல் ஸ்லைடு. எழுத்து கொஞ்சம் தடித்து நின்றதுபோல இருந்தது. இரண்டாவதில் சரியானது. மூன்றாவதில் சுருங்கியது. நாலாவதில் 'பட்டையைத் துடைக்கவும்' என்ற வரி கட்டத்தின் ஓரத்தை முட்டிக்கொண்டு வீங்கியிருந்தது. அடுத்ததில் அதே வரி ஒடுங்கித் தூரமாய்ப் போயிற்று. ஸ்லைடுகள் மாறமாற எழுத்துகள் கிட்டே வந்தன, விலகின, மறுபடி கிட்டே வந்தன.

சுயம்புராஜின் கை மௌஸை விட்டுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். இருபத்தாறு வருஷம் கழித்தும் அந்த உடம்புக்கு அது நினைவிருந்தது.

"அண்ணே, சரியா இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ரெனிஷா.

"ஆங். நல்லா இருக்கு" என்றான், திரும்பாமல்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவன் ஜன்னலோரத்தில் உட்காரவில்லை. இருந்தாலும் கண் வெளியேதான் போயிற்று. நாற்று நட்டு நாலைந்து நாளான வயல்களில் தண்ணீர் நின்றது. அதில் வானம் கிடந்தது. தூரத்தில் சுசீந்திரம் கோயில் கோபுரம் விரல் நீளத்துக்கு வெள்ளையாய்த் தெரிந்தது. பஸ் வளையவளைய அது வளர்ந்தது, தென்னைகளுக்குப் பின்னால் போனது, வெளியே வந்தபோது இன்னும் பெரிதாக இருந்தது. தினமும் பார்ப்பதுதான். கிட்டே போனால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு அவனுக்கு அதையும் நம்ப முடியவில்லை. சுசீந்திரத்தில் இறங்கித் தெப்பக்குளத்தின் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் நடுமண்டபம் அசைந்துகொண்டிருந்தது. மனசுக்குள் இருந்த பயத்தோடுகூடவே, வேறொன்றும் இருந்தது. பழைய கூட்டாளி ஒருவன் முகவரி விசாரித்துக்கொண்டு வந்துவிட்டதுபோல ஒரு சின்ன மகிழ்ச்சி. அதுதான் அவனை அதிகம் கலங்கவைத்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நாகர்கோவிலில் கண் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். பலகையில் பெரிய எழுத்து பெரிதாகவே இருந்தது. சின்னது சின்னதாகவே இருந்தது. "கண்ணு ஒண்ணாந்தரமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்தநாள் அலுவலகத்துக்குப் போய்ப் பாடத்தை மறுபடி ஓட்டினான். வீங்கின, சுருங்கின.

ஞாயிற்றுக்கிழமை காலை சுனிதா ரவிக்கைத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு முன்னறையில் தையல் வைத்திருந்தாள். சுற்றுவட்டத்தில் அவளிடம் தைக்கக் கொடுத்தால் இரண்டாம் தடவை பிரிக்க வேண்டியிராது என்று பெயர். அவன் கதவோரம் வந்து நின்றான்.

"என்ன, நாலு நாளா ஒரு மாதிரி இருக்கிய?" என்றாள் நிமிராமல்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். கஞ்சிக் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்து, கண்ணாடியில் தெரிந்த முகம், இப்போது இந்த எழுத்துகள் வரை எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் ஓரிடத்தில் சுனிதா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் ஆயி பன்னெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "இதையா உள்ள வச்சிட்டு இருந்திய?"

"சொன்னா நீ பயந்துருவன்னு..."

"பயமாத்தான் இருக்கு." துணியை ஒதுக்கிவிட்டு டேப்பைக் கையில் எடுத்தாள். "சரி, அந்த எழுத்தை அளந்து பாத்தியளா?"

"அளக்கவா?"

"வேற என்ன? ஒரு சட்டை எறக்கமா தோணுச்சுன்னா, நான் கண்ணைக் கசக்கிக்கிட்டா இருப்பேன்? டேப்பு வச்சுப் பாப்பேன். டேப்புல சரியா இருந்தா கோளாறு உங்களுக்கு. டேப்புலயும் தப்பா இருந்தா கோளாறு அதுக்கு. முதல்ல யாருக்குன்னு தெரியட்டும். பொறவு டாக்டர்கிட்ட நானும் கூட வாறேன்."

இத்தனை நாளில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய், சுனிதாவின் டேப்பைத் திரையில் வைத்தான். தன்னுடைய டிசைனில் 'பட்டையைத் துடைக்கவும்' சரியாக மூன்று அங்குலம். பாடத்தில் நாலாம் ஸ்லைடில் அதே வரி நான்கு அங்குலம். ஐந்தாம் ஸ்லைடில் இரண்டே முக்கால். அவன் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தான். டேப்புக்குக் காய்ச்சல் வராது. எழுத்துகள் நிஜமாகவே வீங்கியும் சுருங்கியும்தான் இருந்தன. அவன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வந்தது.

"அண்ணே, என்னத்த அளக்கிய?"

ரெனிஷா பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். அவன் டேப்பைக் காட்டினான். "எனக்கது மூணு, உனக்கது நாலு. ரெண்டும் இருபத்துநாலுதானே போட்டிருக்கு?"

அவள் முகம் வெளுத்தது. "நான் சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணே" என்றாள். "நீங்க இருபத்துநாலுன்னு போட்டிருந்திய. நானும் இருபத்துநாலுதான் போட்டேன். பெருசாப் போயி கட்டத்தை விட்டு வெளியே வந்துச்சு. எனக்கத் தப்பாக்கும்னு நெனச்சேன். அதனால ஒவ்வொரு ஸ்லைடுலயும் அடங்குற மாதிரி கொறச்சேன். ஒண்ணுல இருபது, ஒண்ணுல பத்தொன்பது, ஒண்ணுல பதினாறு. இருபத்துநாலுலயே அடங்குனதை அப்பிடியே விட்டுட்டேன். கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு சொல்லிருவியளோன்னு..."

"நீயும் மறைச்சியா?" என்றான் சுயம்புராஜ்.

'நீயும்' என்றது அவளுக்குப் புரியவில்லை. அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் இரண்டாம் தடவையாகச் சொன்னான். இந்தத் தடவை சீக்கிரம் சொல்ல முடிந்தது. அவள் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல எனக்கும் காய்ச்சல்ல மேல கூரை ஓடு இறங்கி இறங்கி வரும் அண்ணே" என்றாள் சாதாரணமாக. அவன் அவளையே பார்த்தான். உலகத்தில் தனக்கு மட்டும் என்று அதை இத்தனை காலம் வைத்திருந்தானே.

மத்தியாஸுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அரைமணி நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"ஏலே சுயம்பு, அதுக்கு முக்கால் போடணும்டே. நீ வரையதுல ஒரு அங்குலத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி. டூலுக்குள்ள தொண்ணூத்தாறு, அதனால அதே எண்ணு அங்க கூடுதல் புள்ளி எடுத்துப் பெருசாகும். உனக்க இருபத்துநாலு அங்க பதினெட்டு. நான் உன்கிட்ட சொன்னதில்லியா?"

"ஒன்பது வருஷமா சொல்லல்ல."

"அப்பிடியா?" என்றான். "நீ நல்லா வரைஞ்சிட்டு இருந்தே. எதுக்குக் கெடுக்கணும்னு நானே மாத்திக்கிடுவேன்."

பிறகு இரண்டு நாள், அவனும் ரெனிஷாவும் உட்கார்ந்து நாற்பத்திரண்டு ஸ்லைடுகளையும் சரிசெய்தார்கள். தலைப்பு முப்பத்திரண்டு என்றால் இருபத்துநாலு. சின்னக் குறிப்பு பதினாறு என்றால் பன்னிரண்டு. பாடத்தை ஓட்டிப் பார்த்தபோது எழுத்துகள் அசையவில்லை. குளத்தில் காற்று நின்றபிறகு இருப்பதுபோல இருந்தது. சுயம்புராஜுக்கு அது நிம்மதியாகவும், துளி ஏமாற்றமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் காட்டிப் பார்க்கப் பேச்சிப்பாறைக்குப் போனார்கள். அணைக்குப் போகிற வழியில் சங்கக் கட்டடம். மழை தூறிக்கொண்டிருந்தது. காலை வெட்டு முடித்து வந்த ஏழெட்டுப் பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவர்களில் பூங்கனி என்பவள் முப்பது வருஷமாகப் பால் வெட்டுகிறவள். விரல் நுனிகளில் காய்ந்த ரப்பர் ஒட்டியிருந்தது. ரெனிஷா போனை அவள் கையில் கொடுத்தாள்.

பூங்கனி அதைக் கைநீட்டித் தூரமாய்ப் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள். மறுபடி தூரமாக்கினாள்.

"எழுத்து இருக்குன்னு தெரியுது மக்கா" என்றாள். "என்னண்ணுதான் தெரியல்ல."

இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் இம்மி பிசகாமல் நின்ற பதினெட்டு, உள்ளங்கையளவு போனில் எறும்புவரிசையாய்ப் போயிருந்தது. ரெனிஷா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, முதல் ஸ்லைடில் மட்டும் இருபத்துநாலு என்று போட்டு, மறுபடி போனில் ஏற்றிக் கொடுத்தாள். பூங்கனி வாசிக்க ஆரம்பித்தாள். கட்டத்தை விட்டு வெளியே போன கடைசி வரியில் நின்றாள்.

"இது எங்க போச்சு?"

"அதுக்கு எடம் காணாது அம்மா" என்றான் சுயம்புராஜ்.

"அப்ப பேச்சைக் கொறையுங்க தம்பி. இம்புட்டு எதுக்கு? கத்தியைச் சாய்ச்சுப் பிடி, ஆழம் போகாதே. போதாதா?"

திரும்பி வந்து அவன் முதல்முறையாக எழுத்தைத் தொடாமல் வார்த்தைகளைத் தொட்டான். வரிக்கு ஆறு சொல்லுக்கு மேல் இல்லை. பட்டையின் படத்தைச் சிறிதாக்கினான். ஐந்து நாள் உழைத்த நிறம் ஓரத்துக்குப் போனது. ரெனிஷா தடவைக்குத் தடவை கேள்வி கேட்டாள். தன் வீட்டில் அப்பா எப்படிச் சொல்வார் என்று சொல்லிக்காட்டினாள். பாடம் நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தெட்டு ஸ்லைடாயிற்று. டிசைனில் முப்பத்திரண்டு, டூலில் இருபத்துநாலு என்று அவர்கள் எழுதி வைத்துக்கொண்ட தாளைப் பார்த்து, அலுவலகத்தில் மற்றவர்களும் ஒவ்வொரு நகல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் மறுபடி போனபோது மழை இல்லை. பூங்கனி போனை மடிமேல் வைத்துக்கொண்டு, கண்ணாடி போடாமல், சத்தமாகவே வாசித்தாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபதாவது ஸ்லைடுக்கு வந்தபோது அவள் குரல் தணிந்து, சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைய ஆரம்பித்தது. பிறகு உதடும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர், "என்னண்ணு சொல்லு" என்று இடித்தபோது, "இருங்க வேய், படிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

சுயம்புராஜ் சன்னலுக்குப் போனான். மரங்களுக்கு அப்பால் அணைத்தண்ணீர் நீலமாய், சத்தமில்லாமல் கிடந்தது. அக்கரை மலை தண்ணீருக்குள்ளும் நின்றது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒருமணி நேரம் இருந்தது. யாரோ டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.